‘ரெஸ்டிவ்’ வருகிற இடத்தில் ‘ரெஸ்ட்லெஸ்’ என்று எழுதலாமா?

‘தி க்ரவுட் க்ரூ ரெஸ்டிவ்’ (கூட்டம் பொறுமையிழக்கத் தொடங்கியது) என்ற வரியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ரெஸ்ட் என்றால் ஓய்வு. ஆக்ட் என்பது ஆக்டிவ் ஆவதுபோல ரெஸ்ட் என்பது ரெஸ்டிவ் ஆனால் ‘ஓய்வாக இருக்கிற’ என்றுதானே பொருள் வரவேண்டும், அகராதி ஏன் ‘அமைதியற்ற’ என்கிறது என்பது கேள்வியின் மேல்பகுதி. உண்மையில் உங்களை உறுத்துவது அடுத்த வரியில் இருக்கிறது: ரெஸ்ட்லெஸ்ஸுக்கும் ‘அமைதியற்ற’ என்றுதானே பொருள், இரண்டும் ஒன்றென்றால் அதுவே போதாதா, ஒன்றிருக்கும் இடத்தில் மற்றதைப் போட்டால் தவறா, தேர்வில் எதிர்ச்சொல் கேட்டால் எதை எழுதுவது? சுருக்கமான பதில்: இரண்டும் ஒன்றல்ல. சில இடங்களில் மாற்றிப் போடலாம், பல இடங்களில் முடியாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற சொல் இது. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ரெஸ்ட்’ குழப்பம். ஓய்வு என்ற பொருளில் வரும் ரெஸ்ட், பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானிய வேர்ச்சொல். ரெஸ்டிவில் இருப்பது அது இல்லை. ‘பின்தங்கி நில், அங்கேயே இரு’ என்று பொருள்படும் ரெஸ்தாரே என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சில் ரெஸ்திஃப் என்று ஒரு சொல் பிறந்தது. அதுதான் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மீதி’ என்ற பொருளில் ‘தி ரெஸ்ட் ஆஃப் தி மணி’ என்கிறோமே, அந்த ரெஸ்டும் இதே வேர்தான். மீதி என்பது பின்னால் தங்கிவிட்டது. அரெஸ்ட் என்பதும் இந்தக் குடும்பம்தான், நிறுத்தி வைப்பது. ஓய்வும் மீதியும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்பது தற்செயல். அதேபோல, ‘ரெஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு யாரும் ‘-இவ்’ விகுதியைச் சேர்த்து இதை உருவாக்கவில்லை. பிரெஞ்சில் ‘-இஃப்’ என்று முடிந்தவை ஆங்கிலத்தில் ‘-இவ்’ ஆவது வழக்கம். பென்சிவ், மாசிவ், ப்ளெயின்டிவ் எல்லாம் அப்படி வந்தவை. எனவே ஆக்ட்–ஆக்டிவ் கணக்கு இங்கே செல்லாது.

பொருள் எப்படித் திரும்பியது என்பது இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நெடுங்காலம் குதிரையோடு ஒட்டியிருந்தது. முன்னே போகச் சொன்னால் போகாத குதிரைதான் ரெஸ்டிவ். அதாவது தொடக்கத்தில் உங்கள் ஊகம் பாதி சரி. ‘நகராமல் நிற்கிற’ என்பதுதான் பழைய பொருள். ஆனால் நகர மறுக்கிற குதிரை சிலைபோல நிற்காது. குதிகாலால் விலாவில் அழுத்தினால் பக்கவாட்டில் ஒதுங்கும், பின்னால் நகரும், தலையை உதறிக் கடிவாளத்தை இழுக்கும், குளம்பால் தரையைக் கீறும், முன்னங்காலைத் தூக்கும். போக மறுப்பது என்ற காரணமும் நிலைகொள்ளாமல் அசைவது என்ற தோற்றமும் ஒரே குதிரையிடம் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது அசைவுதான். காலப்போக்கில் சொல்லும் காரணத்தை விட்டுத் தோற்றத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ரெஸ்ட்லெஸ் என்ற சொல்லின் ஓசை ஒற்றுமையும் அதைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு. அது நியாயமான ஊகம், அவ்வளவே. குதிரை வழியாக வந்த மாற்றத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஓசையின் பங்கை அப்படி அளக்க வழியில்லை. பிரெஞ்சில் இன்றும் ரெத்தீஃப் என்றால் முரண்டு பிடிக்கிற என்றுதான் பொருள். இத்தாலிய ரெஸ்தியோவும் ‘மனமில்லாத, தயங்குகிற’ என்ற பக்கத்திலேயே நின்றுவிட்டது. இந்த மூன்றில் ஆங்கிலம் மட்டும்தான் இந்தச் சொல்லை இவ்வளவு தூரம் நகர்த்தியது.

இந்த நகர்வைச் சிலர் ஏற்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1909-இல் வெளியிட்ட மொழிப்பிழைக் கையேட்டில், ரெஸ்ட்லெஸ் என்ற பொருளில் ரெஸ்டிவை எழுதுவதைக் கண்டித்தார். இரண்டும் நேர் எதிரான பொருள் கொண்டவை என்பது அவர் வாதம். வேர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வழக்கு அவரைக் கேட்கவில்லை. இன்றைய பெரிய ஆங்கில அகராதிகளில் கட்டுப்பாட்டை எதிர்த்து முரண்டு பிடிக்கிற என்ற பொருளும், பொறுமையிழந்து நிலைகொள்ளாத என்ற பொருளும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. ஆகவே ‘நிலைகொள்ளாத’ என்ற பொருளில் எழுதினால் யாரும் பிழை என்று அடிக்க முடியாது. இதுவரை சொன்னது அகராதி சொல்வது. இனி வருவதில் ஒரு பகுதி என் தீர்ப்பு. அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல ஆங்கிலத்தில் ரெஸ்டிவ் வருகிற வாக்கியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரண்டாவது பொருளில் வரும்போதுகூடப் பழைய குதிரையின் கடிவாளம் எங்கோ இருக்கிறது. யாரோ காக்க வைத்திருக்கிறார்கள், அடக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு விதிக்குள்ளோ வரிசைக்குள்ளோ உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பவர் நெளிகிறார். ரெஸ்ட்லெஸ்ஸுக்குக் கடிவாளம் தேவையில்லை. தனியறையில் யாருடைய தடையும் இல்லாமல் ஒருவர் ரெஸ்ட்லெஸ்ஸாக இருக்கலாம். எனவே எதை எழுதுவது என்று தடுமாறும்போது ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவர் எதிலிருந்து திமிறுகிறார்? பதில் உடனே கிடைத்தால் ரெஸ்டிவ் பொருந்தும். கிடைக்காவிட்டால் ரெஸ்ட்லெஸ் எழுதுங்கள்.

நீங்கள் படித்த வரியையே எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு என்று அறிவித்த கூட்டம் ஏழு மணியாகியும் தொடங்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பின்னால் நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, இருமல்கள் கூடுகின்றன. யாரோ ஒருவர் மெதுவாக, சீராகக் கைதட்டத் தொடங்குகிறார். பாராட்டுக்கான தட்டல் இல்லை, ஏளனத் தட்டல். நாலு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். இந்த இடத்தில் ‘க்ரூ ரெஸ்டிவ்’ துல்லியமாக உட்காரும். காக்க வைத்த ஒரு தரப்பு இருக்கிறது, பொறுமை அதன்மீது தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் எல்லை மீறவில்லை. ‘க்ரூ ரெஸ்ட்லெஸ்’ என்று எழுதினாலும் வாக்கியம் நிற்கும். ஆனால் அது அசைவை மட்டும் சொல்லும், அதிருப்தியைச் சொல்லாது. ஒரு நாற்காலி பறந்துவிட்டால் ரெஸ்டிவின் வேலை முடிந்துவிட்டது, அதற்கப்புறம் அன்ரூலி, அதாவது கட்டுக்கடங்காத நிலை. ரெஸ்டிவ் எப்போதும் வெடிப்புக்கு முந்தைய கட்டம். அதனால்தான் இதன் முன்னால் பெரும்பாலும் க்ரோ, கெட், பிகம் போன்ற, மெல்ல மாறுவதைக் காட்டும் வினைகள் வருகின்றன. ‘இன்க்ரீசிங்லி ரெஸ்டிவ்’ என்ற சேர்க்கையும் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும்.

ரெஸ்ட்லெஸ் மட்டுமே பொருந்துகிற இடங்கள் நிறைய. தூக்கம் பிடிக்காத இரவு ‘ரெஸ்ட்லெஸ் நைட்’. அதை ‘ரெஸ்டிவ் நைட்’ என்று எழுதினால் இரவு யாரையோ எதிர்த்து முரண்டு பிடிப்பதுபோல் இருக்கும். ஓய்வறியாத மனம், அலையடங்காத கடல், ஊர் ஊராகச் சுற்ற வைக்கும் துடிப்பு எல்லாம் ரெஸ்ட்லெஸ்தான். மருத்துவத்தில் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ என்பது உறைந்துபோன பெயர். ஸ்வீடன் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்பாம் 1945-இல் விரிவாக எழுதியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. படுத்திருக்கும்போது கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் அது. அங்கே கடிவாளம் பிடிக்கிறவர் யாரும் இல்லை. மருத்துவரிடம் போய் ‘ஐ ஃபீல் ரெஸ்டிவ்’ என்று சொன்னால் புரியும், ஆனால் விநோதமாக ஒலிக்கும். நோயாளி குறிப்பேட்டில் ரெஸ்ட்லெஸ் என்றோ, நிலைமை கடுமையாக இருந்தால் அஜிடேட்டட் (கிளர்ச்சியுற்ற) என்றோதான் எழுதுவார்கள்.

மறுபக்கம், ‘அண்டர்’ என்ற முன்னிடைச்சொல் வந்தால் அது ரெஸ்டிவின் வீடு. ‘ரெஸ்டிவ் அண்டர் டிசிப்ளின்’, ‘ரெஸ்டிவ் அண்டர் ஃபாரின் ரூல்’ போன்றவற்றில் ஒழுங்கோ ஆட்சியோ மேலே அழுத்துகிறது, கீழே இருப்பவர் திமிறுகிறார். அந்த இடத்தில் ரெஸ்ட்லெஸ் எழுதினால் அதுவே கொஞ்சம் வலுவிழந்துவிடும். தாமதத்தைக் காரணமாகச் சொல்ல ‘அட்’ அல்லது ‘வித்’ வரும்: ‘ரெஸ்டிவ் அட் தி டிலே’. ஒரு விவகாரத்தைச் சொல்ல ‘ஓவர்’ அல்லது ‘அபவுட்’. ஆனால் இதன் பின்னால் ‘டு’ போட்டு ஒரு வினையைத் தொடுப்பது இயல்பான வழக்கு இல்லை. ‘ஐ ஆம் ரெஸ்டிவ் டு கோ’ என்று எழுதாதீர்கள். கிளம்பத் துடிக்கிறேன் என்று சொல்ல ஈகர், இட்ச்சிங், பேச்சு வழக்கில் ஆன்ட்சி எல்லாம் இருக்கின்றன.

இன்று செய்தித்தாளில் இந்தச் சொல் அதிகம் புழங்குவது அரசியலில். ‘ரெஸ்டிவ் பேக்பெஞ்சர்ஸ்’ என்றால் கட்சிக் கொறடாவின் பிடிக்குள் இருந்துகொண்டே தலைமைக்கு எதிராக முணுமுணுக்கத் தொடங்கிவிட்ட பின்வரிசை உறுப்பினர்கள். எதிர்த்து வாக்களித்துவிட்டால் அவர்கள் ரெபல்ஸ் ஆகிவிடுவார்கள். அடுத்தது நிலப்பகுதிகள். சீனாவின் சின்ஜியாங், பாகிஸ்தானின் பலுசிஸ்தான் போன்ற பெயர்களுக்கு முன்னால் ‘ரெஸ்டிவ்’ ஒரு பட்டம்போல ஒட்டிக்கொண்டு வருவதைச் சர்வதேசச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இங்கே கவனம் வேண்டும். குதிரை ரெஸ்டிவ் என்று சொல்கிறவர் குதிரையின்மேல் உட்கார்ந்திருப்பவர். குதிரைக்கு அதன் நியாயம் வேறாக இருக்கலாம். ஒரு மாகாணத்தை ரெஸ்டிவ் என்று எழுதும்போதும் பார்வை தலைநகரத்திலிருந்துதான் வருகிறது. செய்தியாளருக்கு அப்படி ஓர் உள்நோக்கம் இல்லாமல் பழக்கத்தில் எழுதியிருக்கலாம். ஆனாலும் அடங்கியிருக்க வேண்டியது அடங்காமல் இருக்கிறது என்ற சாயல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மொழிபெயர்க்கிறவர் அதைத் தெரிந்தே கொண்டுவரலாம், தெரிந்தே தவிர்க்கலாம், தெரியாமல் செய்யக்கூடாது.

அக்கம்பக்கச் சொற்களையும் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஃபிட்ஜெட்டி முழுக்க உடல் சார்ந்தது. விரலால் மேசையைத் தட்டுவது, காலாட்டுவது, பேனா மூடியைத் திறந்து மூடுவது எல்லாம் இதில் வரும். கோபம் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆன்ட்சி அமெரிக்கப் பேச்சு வழக்கு, கட்டுரையில் எழுதினால் தொனி இறங்கிவிடும். ஜம்பி என்றால் சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிற நிலை. ஸ்கிட்டிஷ் குதிரைக்கும் வரும் என்பதால் ரெஸ்டிவோடு குழம்பும். ஸ்கிட்டிஷ் குதிரை பயந்து விலகும், ரெஸ்டிவ் குதிரை பிடிக்காமல் முரண்டும். ஃப்ரெட்ஃபுல் பெரும்பாலும் சிணுங்குகிற குழந்தைக்கும் நோயாளிக்கும். ரீகால்சிட்ரன்ட் ரெஸ்டிவின் பழைய பொருளுக்கு மிக நெருக்கம். குதிகாலால் பின்னுதைப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆனால் அது வெளிப்படையான, பிடிவாதமான எதிர்ப்பு. ரெஸ்டிவில் எதிர்ப்பு இன்னும் வாய்திறக்காமல் இருக்கிறது. இம்பேஷன்ட் இவை எல்லாவற்றிலும் பொதுவானது, சந்தேகம் வந்தால் அதை எழுதித் தப்பித்துக்கொள்ளலாம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ஒரே சொல்லில் மடக்க வேண்டாம் என்பதுதான் என் அனுபவம் சொல்வது. பழைய பொருளுக்கு நம்மிடம் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: சண்டி. சண்டிக்குதிரை, சண்டிமாடு என்கிறோமே, அதுதான் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் ரெஸ்டிவ். ஆனால் இன்றைய செய்தி வாக்கியத்தில் ‘சண்டித்தனம்’ போட்டால் வசவாகிவிடும். கூட்டத்துக்கு ‘பொறுமையிழந்து நெளியத் தொடங்கியது’ என்றோ ‘சலசலக்கத் தொடங்கியது’ என்றோ எழுதலாம். பின்வரிசை உறுப்பினர்களுக்கு ‘முரண்டு பிடிக்கத் தொடங்கியுள்ளனர்’. அண்டர் வரும் இடங்களில் ‘கட்டுப்பாட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் திமிறிய’ என்பது அந்த அழுத்தத்தைக் கொண்டுவருகிறது. மாகாணத்துக்குப் ‘பதற்றமான’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது திருப்தியில்லை. பதற்றம் யாருடையது என்று அதில் தெரிவதில்லை. ‘கொந்தளிக்கும்’ என்றால் ஒரு படி அதிகம், கலவரமே மூண்டுவிட்டதுபோல் ஆகிறது. ‘அதிருப்தி கனன்றுகொண்டிருக்கும்’ என்பது நீளம்தான், ஆனால் அளவு சரியாக இருக்கிறது. ‘அமைதியற்ற’ என்று அகராதி கொடுப்பதை ரெஸ்ட்லெஸ்ஸுக்கு விட்டுவிடுவது நல்லது.

எழுதும்போது நடக்கிற பிழைகளில் மோசமானது ரெஸ்டிவை ரெஸ்ட்ஃபுல் என்று நினைத்து எழுதுவது. ‘வி ஹேட் எ ரெஸ்டிவ் வீக்கெண்ட்’ என்று ஒருவர் எழுதினால் நிம்மதியாக ஓய்வெடுத்தோம் என்று சொல்ல வந்து நேர்மாறாகச் சொல்லிவிட்டார். எழுத்துப்பிழை திருத்தியும் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் சொல் சரியான சொல்தான். இன்னொன்று ரெசிஸ்டிவ். அது மின்தடை சார்ந்த சொல், ரெசிஸ்டிவ் தொடுதிரை என்பதில் வருவது. விசைப்பலகை தானாகத் திருத்தும்போது ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகிறது. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில், இரண்டாவது அசை குறில். ‘ரெஸ்டீவ்’ என்று நீட்ட வேண்டாம். வினையடை ரெஸ்டிவ்லி, பெயர்ச்சொல் ரெஸ்டிவ்னெஸ். ஒப்பீட்டுக்கு மோர், மோஸ்ட்தான். ரெஸ்டிவர் என்று யாரும் எழுதுவதில்லை.

தேர்வைப் பற்றி: போட்டித் தேர்வுகளில் இந்தச் சொல்லைக் கேட்பதே, ஓய்வு என்ற பொருளில் ஒரு தவறான விடையை வைத்து மாட்டிவிடத்தான். ஒருபொருள் சொல்லில் ரெஸ்ட்ஃபுல், ரிலாக்ஸ்ட் போன்றவற்றைக் கண்டால் முதலில் அதை அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பதில் ஃபிட்ஜெட்டி, இம்பேஷன்ட், அனீசி, ரீகால்சிட்ரன்ட் எது இருந்தாலும் அதுதான் விடையாக இருக்க வாய்ப்பு அதிகம். எதிர்ச்சொல் கேட்டால் எந்தப் பொருளை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்பதை விடைகளே காட்டும். காம், செரீன் (இரண்டும் அமைதியான), பேஷன்ட் (பொறுமையான) இருந்தால் நிலைகொள்ளாத என்ற பொருள். டோசைல் (அடங்கிப்போகிற), கம்ப்ளையன்ட் (சொன்னபடி கேட்கிற) இருந்தால் முரண்டு பிடிக்கிற என்ற பொருள். காமும் டோசைலும் ஒரே கேள்வியில் சேர்ந்து வந்தால், வாக்கியம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் அண்டர் இருந்தாலோ, அடக்குகிற ஒருவர் இருந்தாலோ டோசைலைக் குறியுங்கள். வாக்கியமே இல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்திருந்தால் காம் பாதுகாப்பானது, இன்றைய வழக்கில் அந்தப் பொருள்தான் முன்னால் நிற்கிறது.